தாய்க்கதையும் கிளைக்கதையும்: மாங்கா வாசகர்களுக்குப் பதில்கள்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புத்தகத் திருவிழா முடிந்த பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பற்றிய கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புகழ்பெற்ற தொடர்களின் தழுவல்களையும் கிளைக்கதைகளையும் பற்றியவை என்பதால், இம்மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ‘போருட்டோ’ முதல் தொகுதியை ஆசையாக வாங்கி வந்தான். பாதி படிப்பதற்குள், யார் யார் என்றே புரியவில்லை என்று மூடிவைத்துவிட்டான். ‘நருட்டோ’வை முழுவதும் படித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டுமா? அது எழுபது தொகுதிகளுக்கு மேல் என்கிறார்கள்.
(மாங்கன்றுப் பண்ணை வைத்திருப்பவர், சந்தூர்)

உங்கள் தொழிலை வைத்தே இதை விளக்கிவிடலாம். கொட்டையிலிருந்து முளைத்த கன்று வேரைத் தருகிறது. ஆனால் அதன் மேல் கட்டிய ஒட்டுக்குச்சி எந்தத் தாய்மரத்தில் வெட்டியதோ, அந்த மரத்தின் பழத்தைத்தான் நாம் பின்னாளில் பறிக்கிறோம். ‘போருட்டோ’வின் வேர், மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை எழுதி வரைந்த ‘நருட்டோ’. அதே ஊர், அதே நிஞ்ஜாக்கள், அன்றைய பிள்ளைகள் இன்றைக்குப் பெற்றோர். ஆனால் 2016ஆம் ஆண்டில் ‘போருட்டோ’ தொடங்கியபோது கதையை எழுதியவர் உக்கியோ கொடாச்சி. படம் வரைந்தவர், கிஷிமோட்டோவிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த மிக்கியோ இக்கெமோட்டோ. வேர் பழையது, குச்சி வேறு. அதனால்தான் பழைய வாசகர்கள் பலர் முதல் கடியிலேயே சுவை மாறியிருப்பதாகச் சொன்னார்கள். 2020 நவம்பரில் கொடாச்சி விலகிக்கொள்ள, 52ஆம் அத்தியாயத்திலிருந்து கிஷிமோட்டோவே கதைப்பொறுப்பை எடுத்துக்கொண்டார். இதை அறிந்துகொண்டு படிக்கிறவருக்கு, தொடரின் நடுவில் கதையின் போக்கு ஏன் இறுகுகிறது என்பது விளங்கும்.

உங்கள் மகன் குழம்பியதில் அவன் பிழை எதுவும் இல்லை. ‘போருட்டோ’வின் தொடக்க அத்தியாயங்கள் 2015இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றின் கதையையே திரும்பச் சொல்கின்றன; அந்தப் படம் ‘நருட்டோ’வை முழுதும் அறிந்த பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்டது. ‘நருட்டோ’ 72 தொகுதிகள், 700 அத்தியாயங்கள் என்பது உண்மைதான். ஆனால் அத்தனையையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை. நாயகனின் சிறுவயதுக் கதை 27ஆம் தொகுதியோடு ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கிறது. மூன்று தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஆங்கிலப் பதிப்பில் அது ஒன்பது புத்தகங்கள்தான். அதுவரை படித்த பிறகும் பையனுக்குப் பசி அடங்கவில்லை என்றால் மேலே வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு தொடர்களுக்கும் இடையில், ‘ஏழாவது ஹொக்காகேயும் செந்நிற வசந்தமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் (ஹொக்காகே என்பது அந்த நிஞ்ஜா ஊரின் தலைவர்), 2015இல் கிஷிமோட்டோ தாமே வரைந்த ஒற்றைத் தொகுதி ஒன்று உள்ளது. தகப்பன் யாரென்றே சரியாகத் தெரியாமல் வளரும் சாரதா என்ற சிறுமி அவரைத் தேடிப் போகும் கதை அது. பெரிய கதையிலிருந்து சின்னக் கதைக்குப் போவதற்கு இதைவிட நல்ல பாலம் கிடையாது. இதைப் படித்துவிட்டுப் ‘போருட்டோ’வைத் திறந்தால், மூடிவைத்த அந்த முதல் தொகுதி அவனுக்கு வேறு புத்தகமாகத் தெரியும்.

கேள்வி: ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ படத்தைத் தமிழ்க் குரலில் திரையரங்கில் பார்த்தேன். படத்தைத் தழுவித்தான் மாங்கா வரைகிறார்கள் என்கிறாள் என் தோழி. மாங்காதான் மூலம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவி, தருமபுரி)

இந்தப் படத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. கொயோஹாரு கொத்தோகே என்பவர் 2016 முதல் 2020 வரை வார இதழில் தொடராக வரைந்த 205 அத்தியாயங்கள்தாம் மூலம். அவை 23 தொகுதிகளாக வந்துள்ளன. ரயிலில் நடக்கும் முந்தைய படத்தின் கதை ஏழாவது, எட்டாவது தொகுதிகளில் இருக்கிறது. நீங்கள் பார்த்த கோட்டைப் படலம் 16ஆம் தொகுதியில் தொடங்குகிறது. மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று அறியும் ஆவல் இருந்தால் 18ஆம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் தோழி சொல்வது போன்ற திசையிலும் ஏராளமான படைப்புகள் உண்டு. திரைப்படத்தையோ நாவலையோ காணொளி விளையாட்டையோ மாங்காவாக வரைவதற்கு ஜப்பானியர் ‘காமிக்’ என்ற சொல்லிலிருந்தே ‘கோமிக்கரைஸ்’ என்று தனிச்சொல் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அங்கே அது வழக்கமான வேலை. மக்கோத்தோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ திரைப்படம் 2016 ஆகஸ்டில் வெளியானது. அதே ஆண்டில் ரன்மாரு கொத்தோனே அதை மாங்காவாக வரையத் தொடங்கி மூன்று தொகுதிகளில் முடித்தார். படத்தைப் பார்த்தவர் மறுபடி அசைபோடுவதற்கு அது நல்ல புத்தகம். ஆனால் அந்தப் படத்தில் வானமும் ஒளியும் செய்கிற வேலையைக் கறுப்பு வெள்ளைத் தாள் செய்ய முடியாது என்பதையும், அதை ஈடுகட்டுவதற்கு வேண்டிய புதிய வழி எதையும் அந்தத் தழுவல் தேடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தழுவல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது ‘இவாஞ்சலியன்’ மாங்காவைத்தான். இது மூலமா தழுவலா என்று பிரிப்பதே கடினம். தொலைக்காட்சித் தொடர் 1995 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மாங்காவோ அதற்குப் பல மாதங்கள் முன்பே, 1994 இறுதியில், இதழில் வரத் தொடங்கிவிட்டது. வரைந்தவர் யோஷியுக்கி சதமோட்டோ. தொலைக்காட்சித் தொடரின் கதைமாந்தருக்கு உருவம் வடித்தவரும் அவரே. தொடர் 26 பகுதிகளோடு சில மாதங்களில் முடிந்துவிட்டது. சதமோட்டோ அதே கதையை 2013 வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், பதினான்கு தொகுதிகளாக வரைந்துகொண்டிருந்தார். திரையில் ஒடுங்கிப்போய்த் தலைகுனிந்து நிற்கும் நாயகன் ஷிஞ்சி, தாளில் சற்றுக் குத்தலாகப் பேசுகிறான், தகப்பனை நேருக்கு நேர் வெறுக்கிறான். ஒரே பையன்தான், ஆனால் ஒரு மனிதர் தனியாக அவனோடு இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததன் விளைவு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பார்த்த கதைதானே என்று இதை ஒதுக்குபவர்கள் பெரிய இழப்புக்கு ஆளாகிறார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: நான் ‘இரும்புக்கை மாயாவி’ காலத்து ஆள். ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் ஜப்பானியர்களும் வரைந்திருக்கிறார்கள் என்று பேரன் சொல்கிறான். அப்படியே பார்த்து வரைந்தார்களா, மாற்றினார்களா?
(ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்)

ஐயா, பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வந்த கதை 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் வழியாகச் சிவகாசியில் அச்சாகி, தமிழ்ப் பெயர் சூடி உங்கள் கைக்கு வந்ததல்லவா? அப்போது நம்மவர்கள் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சைத் தமிழாக்கினார்கள். ஜப்பானியர்கள் ஸ்பைடர்மேன் விஷயத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்: கருவை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதர்களையும் ஊரையும் புதிதாக வரைந்தார்கள்.

1970இல் தொடங்கிய அந்த மாங்காவை வரைந்தவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ரியோயிச்சி இக்கேகாமி. அதில் பீட்டர் பார்க்கர் என்று யாரும் கிடையாது. யூ கொமோரி என்ற ஜப்பானியப் பள்ளி மாணவனைத்தான் கதிரியக்கச் சிலந்தி கடிக்கிறது. முதலில் எதிர்த்து வருபவன், அமெரிக்கக் கதையில் நீங்கள் அறிந்த அதே மின்சார வில்லன். ஆனால் முகமூடிக்குள் இருப்பவன், யூவுக்குக் கடிதம் எழுதிப் பழகிய பெண்ணின் அண்ணன். வில்லனை வென்ற மகிழ்ச்சி அந்தக் கதையில் ஒரு கட்டத்தில்கூட இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற துயரம்தான் மிஞ்சுகிறது. அமெரிக்க இதழில் ஸ்பைடர்மேன் சண்டையின் நடுவே வாய் ஓயாமல் கேலி பேசுவான். யூ கொமோரி பெரும்பாலும் பேசாமல் மனத்துக்குள் வெந்துகொண்டிருப்பான். பின்பகுதிக் கதைகளை எழுதிய கசுமாசா ஹிராயின் கையில் அந்த இருட்டு மேலும் அடர்த்தியானது. பேரன் சிறுவன் என்றால் பின்பகுதியை இப்போது கொடுக்க வேண்டாம்.

பேட்மேன் அதற்கும் முந்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் பரபரப்பாக ஓடிய 1966, 67ஆம் ஆண்டுகளில் ஜிரோ குவாட்டா அதை வரைந்தார். இதே குவாட்டாவும் மேற்சொன்ன ஹிராயும்தான் 1963 முதல் ‘எய்ட் மேன்’ என்ற இயந்திர வீரனைச் சேர்ந்து உருவாக்கியவர்கள். குவாட்டா அமெரிக்கக் கதைகள் சிலவற்றை எடுத்து விரித்து எழுதினார். எத்தனை முறை செத்தாலும் எழுந்து வரும் எலும்புக்கூட்டு முக வில்லனின் கதை அவற்றில் புகழ்பெற்றது. அந்தப் பக்கங்கள் நெடுங்காலம் மறந்துபோய்க் கிடந்து, 2008இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்த பிறகே உலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது. மாயாவியின் மறைந்த உடலையும் மிதக்கும் கையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குவாட்டாவின் கோடுகள் உடனே பிடித்துப்போகும். பேரனும் நீங்களும் சேர்ந்து படிப்பதற்கு ஏற்றது இதுதான்.

கேள்வி: தழுவல் மாங்காக்களைக்கூட வலப்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமா?
(பிளஸ் டூ மாணவர், கிருஷ்ணகிரி)

ஜப்பானில் வரையப்பட்டது என்றால், கதை எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் வலமிருந்து இடமாகவே படிக்க வேண்டும். சில பழைய ஆங்கிலப் பதிப்புகளில் மட்டும் பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் வாள் பிடிக்கும் கைகூட மாறியிருக்கும். கிருஷ்ணகிரியில் உருது படிக்கும் நண்பர் உங்களுக்கு நிச்சயம் இருப்பார். அவர் பாடப்புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்தீர்களானால் இது அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ‘செல்ஸ் அட் வொர்க்’ படித்து, இரத்த அணுக்களைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாள். அதே வரிசையில் ‘கோட் பிளாக்’ என்று ஒன்று இருக்கிறதாம், வாங்கிக் கேட்கிறாள். வாங்கித் தரலாமா?
(செவிலியர், அரூர்)

இப்போது வேண்டாம் அம்மா. மறுப்பதற்கான காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் ஒரே பெயர், ஒரே உலகம் என்பதால் இரண்டும் ஒரே வயதினருக்கானவை என்று நம்பி ஏமாறும் பெற்றோர் பலர்.

அக்கானே ஷிமிசு வரைந்த மூலத்தொடர் 2015இல் தொடங்கி ஆறு தொகுதிகளில் முடிந்தது. சிறுவர்களுக்கான மாத இதழில் வந்தது. அதில் சிவப்பணு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைநிலைப் பணிப்பெண்; அடிக்கடி வழிதவறிவிடுவாள். வெள்ளையணு, கிருமியின் இரத்தம் தெறித்த சீருடையோடு, சாந்தமாகப் பேசுகிற காவலர். தட்டணுக்கள் மழலை மாறாத பிள்ளைகள். முதல் அத்தியாயத்தில் நிமோனியாக் கிருமி நுரையீரலுக்குள் புகுந்துவிடுகிறது. அதைப் பிடித்து ஒரு ராக்கெட்டுக்குள் அடைத்து, எண்ணிக்கை சொல்லி வெளியே ஏவுகிறார்கள். அடுத்த கட்டத்தில்தான் அது அந்த உடம்புக்காரருக்கு வந்த தும்மல் என்று நமக்குப் புரிகிறது. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தியை ஒரு குழந்தை ஆயுளுக்கும் மறக்க முடியாதபடி செய்துவிடும் பக்கம் அது. நீங்கள் மருத்துவமனையில் நாள்தோறும் பார்ப்பதை உங்கள் மகள் இந்தப் பக்கங்களில் பார்க்கிறாள்.

‘கோட் பிளாக்’ 2018 முதல் 2021 வரை, வளர்ந்தவர்களுக்கான வார இதழில் வந்தது. எழுதியவரும் வரைந்தவரும் வேறு. இங்கே உடம்பு, புகையும் மதுவும் மன அழுத்தமும் தூக்கமின்மையும் சேர்ந்து சீரழித்துக்கொண்டிருக்கும் ஒரு நடுவயது ஆணின் உடம்பு. இதில் சிவப்பணு இளைஞன், வெள்ளையணு பெண். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அவன் பார்ப்பது, தேய்ந்துபோன சாலைகளையும் எரிச்சலில் கத்தும் செல்களையும்தான். கல்லீரலின் மதுப் பிரச்சினையோடு நிற்காமல், ஆண்மைக் குறைவு, பாலியல் நோய் ஆகியவையும் வெளிப்படையாக வருகின்றன. உடன் வேலை செய்பவர்கள் சாகிறார்கள். எட்டுத் தொகுதிகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. மூலக்கதை உடலைப் பழுதில்லாத தொழிற்சாலையாகக் காட்டியது. அந்தத் தொழிற்சாலையின் முதலாளி அக்கறையில்லாதவனாக இருந்தால் தொழிலாளிக்கு என்ன நேரும் என்று கிளைக்கதை கேட்டது. இவ்வளவு நேர்மையான கேள்வியோடு பிறக்கும் கிளைக்கதைகள் குறைவு. வீட்டில் புகைபிடிக்கிறவர் இருந்தால் அவர் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம் அது. உங்கள் மகளுக்கு, அதே வரிசையில் குழந்தையின் உடம்பைப் பற்றிய ‘பேபி’, செல்களின் ஓய்வுநாள்களைப் பற்றிய ‘அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ ஆகியவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு தொடர் நன்றாக விற்றால் உடனே அதில் வரும் துணைப்பாத்திரத்துக்கு ஒரு புத்தகம், வில்லனுக்கு ஒரு புத்தகம் என்று இறக்கிவிடுகிறார்கள். இது வெறும் வியாபாரம்தானே?
(தமிழாசிரியர், பென்னாகரம்)

வியாபாரம் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் தமிழாசிரியராகிய உங்களிடமே ஒரு வினா: தகடூர்ப் போரை நாம் யார் வழியாக அறிகிறோம்? அதியமான் பக்கம் நின்று ஔவையார் பாடியவை புறநானூற்றில் உள்ளன. அதே தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகிறது அரிசில்கிழாரின் பதிற்றுப்பத்து எட்டாம் பத்து. இவை போதாவென்று, அந்தப் போரையே பொருளாகக் கொண்டு ‘தகடூர் யாத்திரை’ என்ற தனிநூலும் எழுந்தது. அதில் நமக்குக் கிடைத்திருப்பது சில பாடல்கள் மட்டுமே. ஒரு நிகழ்ச்சியை எதிரியின் பக்கத்திலிருந்தும் சொல்லிக் கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. மகாபாரதத்தில் ஒரு கிளையாக வரும் நளன் கதையைப் புகழேந்தி தனியே எடுத்து வெண்பாவாக்கியதை நாம் இன்றும் வகுப்பில் நடத்துகிறோம். ஜப்பானியரும் இத்தகைய கதையைக் ‘கைடன்’ என்கிறார்கள். புறக்கதை என்று அதைத் தமிழாக்கலாம்.

ஆகவே விற்பனைக்காக வந்ததா என்று பார்ப்பதைவிட, தாய்க்கதை சொல்லாமல் விட்ட எதையேனும் இது சொல்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். நொபுயுக்கி ஃபுக்குமோட்டோவின் ‘கைஜி’ சூதாட்டக் கதை. கடனில் விழுந்தவர்களை உயிரைப் பணயம் வைத்து ஆடச் செய்யும் கும்பலில் தொனெகாவா என்பவர் ஓர் உயர் அலுவலர், இரக்கமே இல்லாதவர். 2015இல் தொடங்கிய கிளைக்கதையின் நாயகர் அவரே. அதில் அவர் கொடுமை செய்வதைவிடக் கூட்டம் நடத்துவதே அதிகம். தமக்குக் கீழே ஒரே கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து நிற்கும் பணியாளர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளத் திணறுகிறார்; மேலே இருக்கும் கிழ முதலாளியின் முகம் சுளிக்காதபடி ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுகிறார். கொடுமை ஒரு நிறுவனத்துக்குள் எப்படி அன்றாட அலுவலாக மாறிவிடுகிறது என்பதைத் தாய்க்கதை காட்டவில்லை. சிரிக்கவைத்துக்கொண்டே இது காட்டுகிறது.

‘டிராகன் பால்’ தொடரின் யாம்ச்சாவை உங்கள் மாணவர்கள் அறிவார்கள். சைபாமன் என்ற சிறு உயிரி வெடித்ததில், தரையில் விழுந்த குழிக்குள் சுருண்டு செத்துக்கிடக்கும் அந்த ஒரே கட்டத்தால், கேலிக்கு ஆளாகி நிற்கும் பாத்திரம். 1984 முதல் 1995 வரை 42 தொகுதிகளாக அத்தொடரைப் படைத்த அகிரா தொரியாமா அவனைப் பாதியிலேயே பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார். டிராகன்காரோ லீ வரைந்த ஒற்றைத் தொகுதிக் கிளைக்கதையில், அத்தொடரை மனப்பாடமாக அறிந்த ஒரு பள்ளி மாணவன் படிக்கட்டில் விழுந்து, கண்விழிக்கும்போது யாம்ச்சாவாக இருக்கிறான். தான் எப்போது, எவன் கையால், எந்தக் குழியில் சாகப்போகிறோம் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ஒரு கட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே அவன் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கிறான். ரசிகர்கள் இத்தனை காலம் சிரித்த ஒரு படத்தை, உழைத்துக் கடக்க வேண்டிய விதியாக மாற்றிய அந்தக் கற்பனையை வியாபாரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றும் சொல்லாத கிளைக்கதைகளும் நிறைய உண்டு. கதைமாந்தரைக் குட்டை உருவமாக்கிப் பள்ளிச் சீருடை மாட்டி, பழைய வசனங்களையே நகைச்சுவையாகத் திருப்பிச் சொல்பவற்றை நான் இரண்டாம் தொகுதிக்கு மேல் வாங்குவதில்லை.

கேள்வி: கிளைக்கதை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் எப்படிப் பணம் போடுவது? திருட்டுத் தளங்களில் படிக்க மனமில்லை.
(மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், பாலக்கோடு)

உங்கள் எண்ணத்துக்கு என் வணக்கம். ஷூயேய்ஷா பதிப்பகம் 2019இல் தொடங்கிய ‘மாங்கா பிளஸ்’ செயலியில், அதன் தொடர்கள் பலவற்றின் முதல் மூன்று அத்தியாயங்களும் அண்மையில் வந்த மூன்று அத்தியாயங்களும் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இன்னும் அதில் இல்லை; ஆங்கிலத்தில் படிக்கலாம். தொடக்கம் மூன்றைப் படியுங்கள்; வாங்கலாம் என்று தோன்றினால், கடைக்குப் போகும் முன் அட்டையில் யார் கதை, யார் படம் என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாய்க்கதையை எழுதியவரின் பெயரே அங்கே பெரிதாக இருக்கும். வரைந்தவரின் பெயர் சிறிய எழுத்தில் கீழே இருக்கும்; நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.